மருந்தும் ஓர் அமானிதம்

எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டு அடுப்பங்கரை மாடத்தில் நெடுநாளாக ஒரு தகர டப்பா இருந்தது. முன்னர் பிஸ்கட் வைத்திருந்த டப்பா. வீட்டில் எவருக்கேனும் நோய் வந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் பாதி உண்டதும் காய்ச்சல் தணிந்துவிட்டால், மிஞ்சிய பாதி அந்த டப்பாவுக்குள் போகும். காசு கொடுத்து வாங்கிய பொருளை எறிவது வீண்விரயம். வீண்விரயம் மார்க்கம் வெறுக்கும் செயல். ஆகவே சேர்த்து வைத்தோம். தெருவில் எவரேனும் சளி என்றோ, சுரம் என்றோ, நீர்க்கடுப்பு என்றோ வாசலில் வந்து நின்றால், டப்பாவைத் திறந்து இரண்டோ நான்கோ எடுத்துக் கொடுப்பேன். மதரஸாவில் ஓதிய ஆசிரியன் கையால் கொடுத்தால் நோய் விலகும் என்று வாங்குவோரும் நம்பினர். எங்கள் பக்கம் மழையை நம்பிய மானாவாரிப் பூமி. அருப்புக்கோட்டைக்குப் பேருந்தேறிப் போய், மருத்துவருக்காகக் காத்திருந்து, மருந்து வாங்கித் திரும்புவது என்றால் பலருக்கு ஒரு நாள் கூலி போயிற்று என்று பொருள். அவர்களுக்கு அந்த டப்பா ஒரு தருமசாலை என்றே நான் எண்ணியிருந்தேன். கொடுப்பதில் எனக்கு ஒரு மனநிறைவும் இருந்தது.

எங்கள் தெருக்கோடியில் சீமைக் கருவேல மரங்களை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நீர்க்கடுப்புக் கண்டது. டப்பாவிலிருந்து நான்கு மாத்திரைகள் கொடுத்தேன். இரண்டு நாளில் குணமாயிற்று. பின்னும் இருமுறை அவ்வாறே நிகழ்ந்தது. சென்ற ஆண்டு அதே நோய் குளிர் நடுக்கத்தோடும் கடுங்காய்ச்சலோடும் திரும்பி வந்தது. இம்முறை என் மாத்திரைகள் பலிக்கவில்லை. பிள்ளைகள் அவரை மதுரைக்குக் கொண்டு சென்று மருத்துவமனை ஒன்றில் சேர்த்தனர்.

அங்கே அவருடைய சிறுநீரில் இருந்த கிருமியை வளர்த்துச் சோதித்த தாளை மூத்த மகன் என்னிடம் காட்டினான். 16 மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் ஆங்கில எழுத்து. 13 இடங்களில் 'ஆர்' என்று அச்சாகியிருந்தது. அம்மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்பது அதன் பொருள். எஞ்சிய மூன்றில் ஒன்றை ஊசி வழியாக ஏற்றி, 17 நாட்களுக்குப் பின் அவரைப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். அல்ஹம்து லில்லாஹ். அந்த 17 நாட்களுக்காக அவர்கள் 9 ஆடுகளை விற்றார்கள்.

அடங்காத 13 மருந்துகளுள் இரண்டின் பெயரை நான் நன்கறிவேன். அவை என் டப்பாவில் இருந்தவை.

நான் கொடுத்த மாத்திரைகளால்தான் அக்கிருமி அவ்வாறு ஆயிற்று என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. வேறு எத்தனையோ வழிகளில் அது வந்திருக்கலாம். ஆயினும் "நான் இல்லை" என்று சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. குற்றம் உண்டா இல்லையா என்பதே தெரியாத ஒரு குற்றத்திற்கு மனிதன் எவ்வாறு பொறுப்பேற்பது? இதற்கு முன் இப்படியொரு வினாவை நான் எதிர்கொண்டதில்லை. இக்கட்டுரை அந்த வினாவிலிருந்து பிறந்தது.

கொன்றவர் எவர்?

ஆன்டிபயாடிக் என்று கடைவீதியில் வழங்கும் மருந்தை நுண்ணுயிர்க்கொல்லி என்று தமிழில் கூறுவர். அது உடலுக்குள் புகுந்த பாக்டீரியா என்னும் கிருமியைத் தாக்குவது. வைரஸால் வரும் சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் அதனால் பயன் ஒன்றுமில்லை. கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளுள் ஒன்றிரண்டு, பிறப்பிலேயே சற்று மாறுபட்டு, மருந்தைத் தாங்கும் வலிமையோடு தோன்றிவிடுகின்றன. மருந்தின் வேகம் குறைந்தால் எளியவை மடிகின்றன, வலியவை எஞ்சுகின்றன. எளியவை ஒழிந்த இடமெல்லாம் வலியவற்றின் சந்ததி நிறைகிறது. அத்தோடு நின்றாலும் குற்றமில்லை. அந்த வலிமையைத் தரும் மரபுக்கூற்றை ஒரு கிருமி தன் இனமல்லாத மற்றொரு கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கிறது. என் வயிற்றில் தீங்கின்றி வாழும் கிருமி கற்ற பாடத்தை, நாளை அண்டை வீட்டுக் குழந்தையின் இரத்தத்தில் நுழையும் கிருமி கேட்டறிந்துகொள்ளும்.

பெனிசிலினை 1928-ஆம் ஆண்டு இலண்டனில் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்று ஆற்றிய பேருரையில் இந்த அபாயத்தை உலகுக்கு முன்னுரைத்தார். அவர் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் காட்டினார். கணவனுக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமி சாகவில்லை, பெனிசிலினைத் தாங்கப் பழகிக்கொண்டது. அந்தக் கிருமி மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்கு நுரையீரல் அழற்சி காண்கிறது. மருத்துவர் பெனிசிலின் கொடுக்கிறார், பலிக்கவில்லை, அவள் இறந்துவிடுகிறாள். அந்த மரணத்திற்கு முதற்பொறுப்பு எவருடையது என்று ஃபிளெமிங் அவையோரை வினவினார். மருந்தை அலட்சியமாகக் கையாண்ட கணவனே என்பது அவர் கண்ட விடை.

நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியவர்கள் இவ்வினாவைக் கேட்டதும் இரு சொற்களை நினைவுகூர்வர். ஒரு தீங்கை நேரே செய்பவன் முபாஷிர். தீங்கிற்குக் காரணத்தை உண்டாக்கி விடுபவன் முதஸப்பிப். பாதையில் குழி தோண்டியவன் இரண்டாம் வகையினன். விழுந்தவனை அவன் தள்ளவில்லை. ஆயினும் அவன் தோண்டியிராவிடில் இவன் விழுந்திருக்க மாட்டான். மருத்துவம் அறிந்தவன் எனப் பெயர் பெறாத ஒருவன் பிறருக்கு மருத்துவம் செய்து, அதனால் கேடு விளைந்தால் அதற்கு அவனே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழியும் உண்டு. அதனை நான் மாணவர்களுக்குப் பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறேன். பாடம் முடிந்து வீட்டுக்கு வந்து டப்பாவையும் திறந்திருக்கிறேன். இரண்டிற்கும் தொடர்பு உண்டென்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயின் இந்தக் காலத்துக் குழியை ஒருவர் மட்டும் தோண்டவில்லை. சீட்டின்றி மாத்திரை விற்கும் கடைக்காரர் ஒரு பிடி மண் எடுக்கிறார். காய்ச்சல் என்றதும் ஆன்டிபயாடிக் கேட்டு அடம்பிடிக்கும் நோயாளி ஒரு பிடி எடுக்கிறார். அவரை இழக்க விரும்பாமல் எழுதிக் கொடுக்கும் மருத்துவர் ஒரு பிடி. கோழி கொழுக்கவேண்டும் என்று தீவனத்தில் மருந்தைக் கலப்பவர் ஒரு கூடை. மனிதனுக்குக் கடைசி மருந்தாக எஞ்சிய கொலிஸ்டினையே கோழிக்கும் மீனுக்கும் கொடுத்து வந்த வழக்கத்தை இந்திய அரசு 2019 ஜூலையில்தான் தடை செய்தது. இத்தனை கைகள் சேர்ந்து தோண்டிய குழியில் 2019 என்னும் ஒரே ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 12,70,000 பேர், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மாண்டனர் என்று 2022-இல் வெளிவந்த பேராய்வு ஒன்று கணக்கிட்டது. இவர்களைக் கொன்றவர் எவர் என்று கேட்டால், எல்லாரும் என்பதே விடை. எல்லாரும் என்று விடை வரும்போது, எவரும் இல்லை என்று நடந்துகொள்வது மனித இயல்பு. அதில்தான் அபாயம் இருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த செய்தி

இது எங்கோ நிகழும் செய்தி என்று வாசகர்கள் எண்ண வேண்டா. 2010-ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்னும் ஆய்வாளரும் பிரிட்டனின் அறிஞர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். கார்பாபெனம் என்பது, மற்றவை தோற்றபின் மருத்துவர்கள் எடுக்கும் வலிய மருந்துக் குடும்பம். அதனையும் உடைத்தெறியும் நொதி ஒன்றைக் கொண்ட கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள பிற இடங்களில் 73 என அவர்கள் எடுத்துக் காட்டினர். புதுடில்லியில் மருத்துவம் பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் அந்நொதி முதலில் காணப்பட்டதால், அதற்கு நம் தலைநகரின் பெயரையே இட்டிருந்தனர்.

அப்பெயரால் நாட்டில் பெருஞ்சினம் மூண்டது. நம் நாட்டை இழிவுபடுத்தச் செய்த சூழ்ச்சி என்று கூடப் பேசினர். ஓர் ஊரின் பெயரை நோய்க்குச் சூட்டுவது நாகரிகமன்று என்பது உண்மையே. ஆயினும் பெயரைப்பற்றி நாம் பேசிய அளவிற்குக் கிருமியைப்பற்றிப் பேசவில்லை. இரண்டே ஆண்டுகளில் அக்குறையைச் சிலர் நீக்க முயன்றனர். 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இக்கேட்டைத் தடுக்க ஒரு செயல்திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். அதனை முன்னின்று நடத்தியவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். அதன்பின் 2014 மார்ச் 1 முதல் வலிய நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிக் கொடுத்தவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு காக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. மாத்திரை அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் சீட்டின்றி வாங்கக் கூடாது என்னும் பிரசாரத்தையும் அரசு 2016-இல் தொடங்கியது. என் டப்பாவிலிருந்த அட்டைகளை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். பலவற்றிலும் அந்தச் சிவப்புக் கோடு இருந்தது. அத்தனை ஆண்டும் அதனை அழகுக்காக அச்சிட்டது என்று நான் எண்ணியிருந்தேன் போலும்.

புதிய மருந்து வராதா?

இவ்விடத்தில் ஒரு வாசகர் குறுக்கிட்டு, "பழைய மருந்து பழுதானால் என்ன? அறிஞர்கள் புதியதைக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது.

சென்னையில் 1992-இல் நிறுவப்பட்ட ஆர்க்கிட் என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் என்மெட்டாசோபாக்டம் என்னும் பொருள் பிறந்தது. அதன் செயலை நெசவாளர் ஊரான அருப்புக்கோட்டையின் மொழியில் இவ்வாறு சொல்லலாம். பெனிசிலினும் அதன் உறவு மருந்துகளும் நாற்கோண வடிவான ஒரு சிறு வளையத்தைத் தம் உயிர்நிலையாகக் கொண்டவை. அடங்காத கிருமிகள் ஒரு நொதியைச் சுரந்து, கத்தரிகொண்டு நூலை வெட்டுவதுபோல் அவ்வளையத்தை வெட்டிவிடுகின்றன. என்மெட்டாசோபாக்டம் தானே அந்தக் கத்தரியின் வாய்க்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது. கத்தரி மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நிற்கும்போது, உடன் செலுத்திய செஃபிபிம் என்னும் பழைய மருந்து தன் வேலையை முடித்துக்கொள்கிறது. டாசோபாக்டம் என்னும் முந்தைய மருந்தின் அமைப்பில் ஒரு சிறு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததே இதில் செய்த மாற்றம். அந்த அணுவளவு மாற்றம் அதனைக் கிருமியின் உள்ளே எளிதாக நுழையச் செய்தது.

சுமார் 1,000 நோயாளிகளிடம் இதனைச் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டனர். சிறுநீர்ப்பாதையில் கடுந்தொற்றுக் கண்டவர்களில், புதிய கூட்டு மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 79 பேர் நோய் நீங்கிக் கிருமியும் ஒழியப் பெற்றனர்; ஒப்பீட்டு மருந்து பெற்றோருள் 59 பேர். 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. இந்தியாவில் கண்டறிந்த ஒரு புதிய மருந்துப்பொருள் அங்கே அனுமதி பெற்றது அதுவே முதன்முறை. எங்கள் கரிமூட்டக்கார அண்ணனை வாட்டிய நோய் எதுவோ, அதே நோய்க்குத்தான் அந்த மருந்து. படித்தபோது என் கண்கள் பனித்தன.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அம்மருந்தைச் சோதனைக் களம் முழுவதும் நடத்திச் செல்லும் பொறுப்பை, 2013-இல் தோன்றிய அலெக்ரா என்னும் ஐரோப்பிய நிறுவனம் ஏற்றது. கண்டறிந்த சென்னை நிறுவனமோ கடன்சுமையால் 2017-இல் திவால் வழக்கிற்கு உள்ளாகி, 2020-இல் வேறொருவர் கைக்கு மாறியது. அந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல. இந்த ஒரு மருந்தின்மீது பழி சொல்வது பிழை. ஆயினும் கலிபோர்னியாவின் அக்கோஜன் நிறுவனத்திற்கு நேர்ந்ததை நோக்குங்கள். அது பிளாசோமைசின் என்னும் புதிய நுண்ணுயிர்க்கொல்லியை உருவாக்கி 2018 ஜூனில் அனுமதி பெற்றது. அடுத்த ஏப்ரலில் திவாலாயிற்று. அதே 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் அம்மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. உலகுக்கு இன்றியமையாததைச் செய்தவன் கடையை மூடினான்!

இன்னொன்றும் உண்டு. சென்னையில் பிறந்த அந்தப் புதிய மருந்து, 2010-இல் சென்னையிலிருந்து அறிவித்த அந்த நொதியை வெல்லாது. அது வேறு வகைக் கத்தரி. அதற்கு வேறு பூட்டு வேண்டும். ஒரு மருந்து ஒரு கதவைத்தான் அடைக்கும். கிருமிக்குக் கதவுகள் பல.

நீர்பாய்ச்சியின் கூலி

நல்ல மருந்தைச் செய்தவன் ஏன் நலிகிறான்? விடை எளிது, ஆயின் விசித்திரமானது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து செய்பவன், வாங்குவோரின் ஆயுள் முழுதும் விற்கலாம். நுண்ணுயிர்க்கொல்லியோ சில நாள் உணவு. அதிலும் புதிய, வலிய மருந்து வந்தால் அதனை இயன்றவரை எவருக்கும் கொடுக்காமல், வேறு வழியற்றவர்களுக்காகப் பூட்டி வைக்கவேண்டும் என்பது மருத்துவ அறம். விற்காமல் வைத்திருப்பதே அதன் உண்மைப் பயன். விற்காத பண்டத்தை நம்பி எந்த வணிகன் வாழ முடியும்? அவன் பிழைக்க வேண்டுமாயின் அதிகம் விற்க வேண்டும். அதிகம் விற்றால் மருந்து செத்துவிடும். மருந்து வாழ வேண்டுமாயின் அவன் சாக வேண்டும். சந்தையின் நியாயம் இங்கே தன் வாலைத் தானே விழுங்குகிறது.

இந்தப் புதிரை நினைக்குந்தோறும் எனக்கு எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் நினைவுக்கு வருகின்றன. கண்மாய்க்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். அவருக்குத் தனியொருவர் சம்பளம் கொடுப்பதில்லை. அறுவடைக் களத்தில் ஆயக்கட்டுக்காரர் அனைவரும் தம் விளைச்சலில் ஒரு பங்கை அளந்து போடுவர். அவர் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டார் என்று பார்த்து அக்கூலியை அளப்பதில்லை. திறந்த நீருக்கு இத்தனை மரக்கால் என்று கணக்கு வைத்திருந்தால், தை பிறக்குமுன்னரே கண்மாய் வறண்டிருக்கும். காத்துக் கொடுத்ததற்கே கூலி. ஏட்டில் படிக்காத எம் முன்னோர் கண்ட பொருளாதாரம் இது.

பிரிட்டன் 2022-இல் இதனையொத்த ஒரு வழியைக் கையாளத் தொடங்கியது. இரண்டு புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு, எத்தனை குப்பி செலவானாலும் ஆகாவிட்டாலும், ஆண்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 கோடி பவுன் வரை கொடுப்பதென்று அந்நாட்டு மருத்துவத் துறை முடிவு செய்தது. நீர்பாய்ச்சிக்குப் பங்கு அளந்து போடுவது போன்றதே இது.

இலாப நோக்கமற்ற முயற்சியும் பலன் தருவதற்குக் காசநோய் நல்ல சான்று. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், நோயாளியைத் தனி மருத்துவமனையில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே வைத்து, தவறாமல் மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது. ஏழை நாடுகளின் மருத்துவ முறையையே மாற்றிய ஆய்வு அது. புதிய சிகிச்சை என்பது புதிய மாத்திரை மட்டுமன்று; இருக்கும் மாத்திரையைச் சரியாகக் கொடுக்கும் அறிவும் ஆகும். இன்றைய மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பிரிடோமனிட் என்னும் மாத்திரையை உருவாக்கியது, பொதுநிதியாலும் நன்கொடையாலும் இயங்கும் ஓர் அமைப்பே. அதனை உள்ளடக்கிய நான்கு மருந்துச் சிகிச்சையை இந்திய அரசு 2024-இல் ஏற்றது. முன்னர் 20 மாதம் வரை நீண்ட சிகிச்சை 6 மாதமாகக் குறைந்தது. இவை எவருடைய இலாபத்திற்காகவும் பிறந்தவை அல்ல.

எவர்மீது கடமை?

மார்க்கச் சட்டத்தில் கடமைகளை இரண்டாகப் பகுப்பர். ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது பர்ளு ஐன். சிலர் செய்தால் மற்றையோர் பொறுப்பு நீங்குவதும், எவருமே செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவதும் ஆகிய கடமை பர்ளு கிபாயா. ஜனாஸாத் தொழுகை இதற்கு எல்லாரும் அறிந்த சான்று. மருத்துவமும் இவ்வகையினதே என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா உலூமித்தீனின் முதற்பகுதியில் கூறுகிறார். மேலும் அவர், சட்டக்கலை பயிலப் பலர் முண்டியடிக்கும் ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லையே என்று வருந்துகிறார். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எழுதிய வரிகள். என் போன்ற மதரஸா ஆசிரியர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறோம். அறிவியலில் ஆர்வமுள்ள மாணவனைக் கண்டால் கிருமியியலும் வேதியியலும் பயில ஊக்கியிருக்கிறோமா? ஆய்வுக்குச் செலவிடுமாறு நம் செல்வரிடம் ஒருநாளேனும் கேட்டிருக்கிறோமா?

புதிய மருந்தைக் காண்பது பர்ளு கிபாயா என்றால், அதன் செலவை வணிகன் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. அரசு அதற்கு ஒதுக்கும் வரிப்பணத்தை வீண் என்று சொல்லக் கூடாது. ஆனால் இருக்கும் மருந்தைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வது பர்ளு ஐன். அதனை எனக்காக வேறெவரும் செய்ய இயலாது. சென்னையில் ஓர் ஆய்வாளர் பல்லாண்டு உழைத்துக் கட்டிய சுவரை, எம்.ரெட்டியபட்டியில் ஒரு தகர டப்பா இடித்துவிடக் கூடும். முதற்கடமையை நிறைவேற்றுவோர் சிலர். இரண்டாவதைக் கைவிட்டால் அவர்களின் உழைப்பும் வீணே.

இங்கே ஒரு நீதியை மறந்துவிடலாகாது. பழியை வறியவன்மீது சுமத்துவது எளிது, அது அநீதி. காய்ச்சலோடு கரிமூட்டத்தில் நிற்பவன் இரண்டு மாத்திரை கேட்பது பேராசையால் அன்று. முழுச் சிகிச்சைக்குப் பணமும் நாளும் அவனிடம் இல்லை. சரியான மருந்து சரியான நேரத்தில் கிட்டாமல் இறப்போரும் உலகில் ஏராளம். மருந்தைக் காப்பது என்ற பெயரால் ஏழைக்கு அதனை மறுத்தால், ஒரு கேட்டை மற்றொரு கேட்டால் துடைத்ததாகும். அருகில் மருத்துவர் இருக்க வேண்டும். சோதனை மலிவாகக் கிட்ட வேண்டும். கண்மாயும் குடிநீரும் சாக்கடையும் தூய்மையாக இருந்து, நோய் வருவதே குறைய வேண்டும். கேட்டவன் அறியாதவன், கொடுத்த நான் அறிந்திருக்க வேண்டியவன். அறிவு மிகுந்தவர்மீதே பொறுப்பும் மிகும். ஆகவே அந்த அண்ணனின்மீது எனக்குக் குறையில்லை. என்மீதுதான் உண்டு.

பின்வருவோரின் பங்கு

கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இராக்கின் வளமிக்க சவாது நிலம் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தது. படையினர் அதனைத் தமக்குள் பங்கிட்டுத் தரக் கோரினர். கோரியவர்களுள் மதிப்பிற்குரிய நபித்தோழர்களும் இருந்தனர். உமர் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. இன்று இருப்போர் பங்கிட்டுக்கொண்டால் பின்வரும் தலைமுறைக்கு என்ன எஞ்சும் என்பது அவர்களின் கவலை. பலநாள் கலந்தாலோசித்து, பின்வருவோரையும் குறிப்பிடும் இறைவசனத்தின் ஒளியில், அந்நிலத்தைப் பங்கிடாமல் வரி விதித்துப் பொதுவிலேயே நிறுத்தினர். இன்னும் பிறவாத மனிதர்களை வழக்கின் ஒரு தரப்பாக ஏற்று வழங்கிய தீர்ப்பு அது.

நுண்ணுயிர்க்கொல்லியின் ஆற்றலும் ஒரு சவாது நிலமே. அட்டையிலுள்ள மாத்திரையை நான் விலை கொடுத்து வாங்கலாம். அது என் பொருள். ஆயின் அம்மாத்திரைக்குக் கிருமி அடங்கும் என்ற நிலை இருக்கிறதே, அதனை எந்தக் கடையிலும் நான் வாங்கவில்லை. அது முன்னோர் உழைப்பால் நமக்கு வந்தது. பின்வருவோர்க்கு நாம் ஒப்படைக்க வேண்டியது. கைக்கு வந்தும் நமக்குச் சொந்தமாகாத பொருளைத்தான் நாம் அமானிதம் என்கிறோம். அமானிதத்தைக் கெடுத்தவன், உரியவன் எவன் என்று தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. தெரியாத ஒரு குற்றத்திற்குப் பொறுப்பேற்பது எவ்வாறு என்று தொடக்கத்தில் வினவினேன். எனக்குக் கிட்டிய விடை இதுதான்: கடந்ததற்குக் கணக்குக் காட்ட இயலாவிடினும், இனிமேல் காவலாளியாக நிற்க இயலும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிச் சில வாரங்களுக்குப் பின், அந்த அண்ணன் ஒரு மாலைப்பொழுதில் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பையனுக்கு இருமல்.

"வாத்தியாரய்யா, அந்த டப்பாவுல ஏதாச்சும் மாத்திரை கெடக்கா?" என்றார்.

அவர் குரலில் என்மேலிருந்த நம்பிக்கை சிறிதும் குறையவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தால் அது ஒரு மறுப்பாக மட்டுமே இருந்திருக்கும். உட்காரச் சொல்லி, மதுரையில் கொடுத்த தாளைப்பற்றியும் 9 ஆடுகளைப்பற்றியும் என் டப்பாவைப்பற்றியும் ஒன்றும் ஒளிக்காமல் எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பிறகு, "நீங்க நல்லதுக்குத்தான கொடுத்தீங்க" என்றார். "நல்லதுக்குத்தான் அண்ணே, ஆனா தெரியாமக் கொடுத்தேன்" என்றேன். மறுநாட்காலை நானே பையனையும் அவரையும் பேருந்தில் அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டினேன். அவர் பையனின் நெஞ்சைச் சோதித்துவிட்டு, இது சாதாரணச் சளி, ஆன்டிபயாடிக் வேண்டா, வெந்நீர் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார். நான்கு நாளில் இருமல் நின்றது.

டப்பா இன்னும் அதே மாடத்தில்தான் இருக்கிறது. மாத்திரைகள் இல்லை. தெருவில் எவருக்கேனும் உடல்நலம் குன்றி, மருத்துவரிடம் செல்லக் கையில் காசில்லை என்றால், பேருந்துக்கும் சீட்டுக்கும் உதவ, இயன்றபோது நாங்கள் அதில் சில்லறை போட்டு வைக்கிறோம். முன்னர் செய்த தருமத்தைவிட இது செலவு மிக்கது. ஆனால் இதில் எவருடைய உயிரும் அடகு இல்லை.

நம் கையில் ஒப்படைத்ததைக் கெடாமல் பின்வருவோர் கையில் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் யாவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.